வௌவால் சிறகிலிருந்து மரக்கால் அன்னம் வரை: பீட்டர் மின்ஷாலும் திரினிடாடின் பழைய வேடங்களும்

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. கரீபியத் தீவான திரினிடாடில் ஆண்டுதோறும் தெருவில் நடக்கும் வேடத் திருவிழாவான கார்னிவலின் பழைய வேடங்களை, வேடக் கலைஞர் பீட்டர் மின்ஷால் சிதைத்துவிட்டார் என்று ஒரு சாராரும், அவர் கைபட்டதால்தான் அவற்றுக்கு உயிர் வந்தது என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்களே, எது சரி? அப்படியொரு வேடத்தைத் தானே செய்து கட்டிப் பார்க்க நினைப்பவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்? இரண்டுக்கும் வௌவால் வேடத்திலிருந்து பதில் சொல்லலாம். ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல். திரினிடாடில் ‘மாஸ்’ என்பது மாஸ்கரேட் என்பதன் சுருக்கம். நம் சினிமா ரசிகர்கள் சொல்லும் மாஸ் வேறு. அங்கே உடையை ‘அணிந்தார்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘மாஸ் ஆடினார்’ என்பார்கள். புலிவேடம் கட்டினார் என்று நாம் சொல்லும்போது சாயமும் வாலும் ஆட்டமும் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன அல்லவா, அப்படித்தான். மின்ஷால் தன்னை ஆடை வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளாமல் ‘மாஸ்மேன்’ என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆடாத உடை அவரைப் பொறுத்தவரை முடிக்கப்படாத வேலை.

பழைய வௌவால் வேடம் இப்படி இருக்கும். உடலை ஒட்டிய கறுப்பு அல்லது பழுப்பு நிற உடை. துணி ‘ஸ்வான்ஸ்டவுன்’ எனப்படும், ஒரு பக்கம் பஞ்சுபோல் மென்மயிர் எழுப்பிய பருத்தி. தலை முழுவதையும் மூடும் காகிதக்கூழ் முகமூடி. அதில் மூக்கு, பல், கண் எல்லாம் ஒட்டப்பட்டிருக்கும். ஆடுபவர் பெரும்பாலும் அந்த வௌவாலின் வாய்வழியாகத்தான் வெளியே பார்ப்பார். காலணியில் நகங்கள். கம்பியும் மூங்கிலும் வளைத்துத் துணி போர்த்திய சிறகுகள், இரு முனைகளுக்கும் இடையே 12 முதல் 15 அடி வரை. இந்தச் சிறகு முதுகில் தொங்குவதில்லை, கையோடு கட்டப்பட்டிருக்கும். ஆடுபவர் குனிந்து ஊர்வார், நுனிக்காலில் ஓடுவார், சட்டென்று சிறகை விரிப்பார், அதைத் தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஒடுங்குவார். வேடத்தில் அலங்காரம் என்று சொல்ல எதுவுமே இல்லை. கை அசைந்தால் பத்தடி தள்ளித் துணி அசைகிறது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் ஒரு கலைஞரின் வாழ்நாள் வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

மின்ஷால் 1941-இல் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் திரினிடாடுக்கு வந்துவிட்டது. பதின்மூன்று வயதில் அட்டைப்பெட்டி, காய்ந்த புல், எலும்புத் துண்டுகள் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு ஆப்பிரிக்க மந்திரவாதி வேடம் செய்து சிறுவர் கார்னிவலில் பரிசு பெற்றார். பிறகு லண்டன் சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் அண்ட் டிசைனில் நாடக மேடை வடிவமைப்பு படித்தார். அங்கே ஆய்வுக் கட்டுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் திரினிடாடின் வௌவால் வேடம். ஊரில் இருந்தவரை தெருவில் பார்த்துப் பழகிய ஒன்றை, கடல் தாண்டிப் போனபின் ஒரு பொறியாகப் பிரித்துப் பார்த்தார் என்று சொல்லலாம். 1969-இல் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ஒரு பாலே நாடகத்துக்கு உடையும் மேடையும் அமைத்த பிறகும் அவர் மனம் அந்தச் சிறகிலேயே இருந்தது.

விளைவு 1974-இல் தெரிந்தது. தன் வளர்ப்புத் தங்கைக்காக ‘ஃப்ரம் தி லேண்ட் ஆஃப் தி ஹம்மிங்பேர்ட்’ என்ற தேன்சிட்டு வேடத்தைச் செய்தார். பன்னிரண்டு பேர், ஐந்து வாரம். மொத்தம் 104 இறகுகள், ஒவ்வோர் இறகிலும் 150 துணித் துண்டுகள். ஓர் இறகுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டிருந்தால் வேலை சில நாட்களில் முடிந்திருக்கும். 150 துண்டுகளாக வெட்டி அடுக்கியதால்தான் சிறகு அசையும்போது வண்ணம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போனது. மேடையேறும் முன் பார்த்தால் சுருங்கிக் கிடக்கும் துணிக் குவியல். சிறுமி கையை உயர்த்தியதும் அது முழு உயரத்துக்கு எழுந்தது. அந்த ஆண்டின் இளையோர் கார்னிவல் ராணி அவள்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தேன்சிட்டுக்கும் வௌவாலுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை கிடையாது. கறுப்பு போய்விட்டது, பல்லும் நகமும் போய்விட்டன. மிஞ்சியது அந்த இயக்கம் மட்டும்: எடை உடல் மேல், விசை கையிலிருந்து, கையின் நீட்சியாகத் துணி. இதைத்தான் அவர் ‘டான்சிங் மொபைல்’ என்று அழைத்தார். கூரையிலிருந்து தொங்கிக் காற்றில் ஆடும் சிற்பத்துக்கு மேலைநாட்டில் மொபைல் என்று பெயர். அதை மனித உடல் மேல் ஏற்றி, காற்றுக்குப் பதில் ஆட்டக்காரரின் மூச்சையும் அடியையும் விசையாகக் கொடுத்தார். மரபைச் சிதைத்தாரா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. தோலை உரித்துப் போட்டார், எலும்பை வைத்துக்கொண்டார். மரபுக்காகப் பேசுகிற பலர் தோலை வைத்துக்கொண்டு எலும்பைத் தொலைத்தவர்கள்.

இப்போது கைவேலைக்கு வருவோம். முதல் சிறகுக்கு 15 அடி ஆசை வேண்டாம். முனைக்கு முனை 8 அல்லது 9 அடி போதும். கையை விரித்தால் உங்கள் உயரம் அளவுக்கு அகலம் கிடைத்துவிடும். அதற்கு மேல் பக்கத்துக்கு ஒன்றரை அடி நீட்டினாலே கண்ணுக்குப் பெரிய சிறகாகத் தெரியும். மேல்விளிம்புக்கு ஒரு நீளப் பிரம்பு, தோளிலிருந்து கை வழியாக முனை வரை. அடிப்பக்கம் பெருவிரல் தடிமனும் நுனியில் சுண்டுவிரலைவிட மெல்லியதாகவும் இருக்கட்டும். ஒரே தடிமனான குழாய் வேண்டாம், அது வளையாது, நுனிக்கு அசைவு போகாது. மணிக்கட்டிலிருந்து மூன்று அல்லது நான்கு மெல்லிய பிரம்புகள், சிறகின் விலா எலும்புகளாக, விசிறிபோல் கீழே இறங்க வேண்டும். உண்மை வௌவாலின் விரல்களும் அப்படித்தான். துணியின் கடைசி ஓரம் இடுப்பிலோ கணுக்காலிலோ முடியலாம். கணுக்கால் என்றால் தோற்றம் அழகு, ஆனால் ஓடும்போது தடுக்கும்.

பிழை நேருவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, மணிக்கட்டு மூட்டு. அங்கே கம்பியால் இறுக்கிக் கட்டினால் ஆயிரம் முறை ஆட்டியதும் கம்பி ஒரே இடத்தில் வளைந்து வளைந்து முறிந்துவிடும். மெழுகு தேய்த்த தடித்த நூலால் சுற்றிக் கட்டுங்கள். நூல் நெகிழும், முறியாது. இரண்டு, துணியின் இறுக்கம். சட்டகத்தின் மேல் பறைபோல் இழுத்துத் தைத்தால் பிரம்பு உள்நோக்கி வளைந்து சிறகு சூம்பிவிடும். சட்டகத்தின் அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு அதிகமாக வெட்டி, விலா எலும்புகளுக்கு இடையே தொய்வு விட வேண்டும். அந்தத் தொய்வுதான் காற்றைப் பிடித்து விடுவது. மூன்று, வியர்வை. பஞ்சு எழுப்பிய துணி வியர்வையை உறிஞ்சி மதியத்துக்குள் கனத்துப்போகும். அக்குள் பகுதியில் மட்டும் மெல்லிய பருத்தியை இணைத்தால் கை ஓயாது. கண்ணாடி இழைக் கம்பி பயன்படுத்துவோர் வெட்டிய முனையை மணல்தாளால் தேய்த்து டேப் சுற்றாமல் விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிராய் கையில் ஏறினால் எடுப்பது கடினம்.

முகமூடிக்குக் களிமண் அச்சு, அதன் மேல் எண்ணெய் பூச்சு, பிறகு கிழித்த செய்தித்தாள். வெட்டிய தாள் வேண்டாம், வெட்டிய விளிம்பு மேடுபோல் தெரியும். கிழித்த விளிம்பு அடுத்ததோடு கலந்துவிடும். ஆறு முதல் எட்டு அடுக்கு. ஓர் அடுக்குக்குக் கறுப்பு வெள்ளைத் தாள், அடுத்ததற்கு வண்ணத் தாள் என்று மாற்றினால் எங்கே அடுக்கு விட்டுப்போனது என்று தெரியும். இரண்டிரண்டு அடுக்காக ஒட்டி நிழலில் காயவிட வேண்டும். எட்டையும் ஒரே நாளில் ஏற்றினால் வெளியே காய்ந்து உள்ளே புளித்துப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் உள்ளே நெற்றி, பின்மண்டை, இரு பக்கம் என்று நுரைப்பஞ்சு ஒட்டி, தலைக்கும் கூட்டுக்கும் இடையே காற்று ஓட இடம் விடுங்கள். உச்சியில் மயிர் மறைவில் சில துளைகள் இருந்தால் சூடு வெளியேறும். வாய்வழிப் பார்வை என்றால் கீழே பார்ப்பது எளிது, நேரே பார்க்கத் தலையைத் தூக்க வேண்டும். வௌவால் ஆட்டக்காரர்கள் அடிக்கடி தலையைத் தூக்கி மோப்பம் பிடிப்பதுபோல் ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மின்ஷாலிடம் திரும்புவோம். கார்னிவலில் ஒரே கருப்பொருளில் வேடம் கட்டி ஊர்வலம் வருவோர் ஒரு குழு; அதன் தலைமை வேடங்கள் இரண்டுக்கு ராஜா, ராணி என்று பெயர். 1976-இல் ‘பாரடைஸ் லாஸ்ட்’ குழுவை வடிவமைத்தார், ஆண்டின் சிறந்த குழுவாக அது தேர்வானது. 1979-இல் ‘கார்னிவல் ஆஃப் தி சீ’க்கும் அதே பரிசு. ஆனால் பழைய வேடங்களோடு அவருக்கிருந்த உறவு மாறியது 1983-இன் ‘ரிவர்’ என்ற படைப்பில். அதுவரை சிறகு பறவையாயிற்று, மீனாயிற்று, பூச்சியாயிற்று. ‘ரிவரி’ல் அது கதை சொல்லத் தொடங்கியது. நதியைக் காக்கும் வெள்ளை உடுத்த சலவைக்காரி ராணி. இயந்திரப் பேராசையின் உருவமான ‘மான்கிராப்’ என்ற நண்டு மனிதன் ராஜா, ஆடியவர் பீட்டர் சாமுவேல். அவர் தலைக்கு மேல் மெல்லிய கம்பிகளில் வெள்ளைத் துணி விதானமாக மிதந்தது. ஆட்டத்தின் நடுவே அதில் சிவப்பு பரவத் தொடங்கியது, பார்த்திருந்த கூட்டத்தின் கண்முன் விதானம் இரத்தமாயிற்று. கார்னிவலின் இரண்டு நாட்களில் முதல் நாளான திங்கட்கிழமை குழுவினர் எல்லோரும் வெள்ளையில் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை சலவைக்காரி மாண்டாள், வெள்ளை உடைகள் மீது வண்ணச் சாயம் வாரியிறைக்கப்பட்டது. அழகான உடையைப் பாழாக்குவதே உடையின் நோக்கமாக இருந்தது. நடுவர்கள் சிறந்த குழுப் பரிசைத் தரவில்லை, மக்கள் வாக்கு அதற்குக் கிடைத்தது. ‘இது நாடகம், மாஸ் அல்ல’ என்ற குற்றச்சாட்டு ஓங்கி ஒலித்ததும் அப்போதுதான். ‘கலாலூ’, ‘தி கோல்டன் கலபாஷ்’ என்று அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கதை மூன்று பாகமாக முடிந்தது.

என் பார்வையில் அந்தக் குற்றச்சாட்டு தவறு. பழைய மாஸ் எப்போதும் நாடகம்தான். உடம்பெல்லாம் வெல்லப்பாகு பூசி, தகர டின் தாளத்துக்கு ஆடி, காசு தராவிட்டால் உன் மேலும் பூசிவிடுவேன் என்று மிரட்டும் ஜாப் மொலாசி என்ற பேய் வேடம், கண்ணெதிரே நடக்கும் நாடகமன்றி வேறென்ன? அதன் வேர் அடிமைக் காலக் கரும்பாலைகளின் நினைவு. மின்ஷால் புதிதாகச் செய்தது, தனியொருவர் ஆடிய தெருநாடகத்தை ஆயிரக்கணக்கானோர் இரண்டு நாள் ஆடும் ஒரே நாடகமாக்கியது.

அடுத்த மாற்றம் பொம்மைகள். 1990-இல் ‘டன்டானா’ குழுவின் ராணி டன் டன், ராஜா சாகா பாய். இருவரும் ஆடுபவரைவிடப் பலமடங்கு பெரிய துணி மனிதர்கள். பொம்மையின் பாதம் ஆடுபவரின் பாதத்தோடு இணைந்திருக்கும், கை கம்பிவழியாகக் கையோடு. ஆடுபவர் பொம்மைக்குக் கீழே முழுக்கத் தெரிய நிற்பார், ஒளிய மாட்டார். அவர் இடுப்பை ஒரு சாண் அசைத்தால் பொம்மை அரைக்கஜம் அசையும். திரினிடாடின் கலிப்சோ பாட்டுக்கு இடுப்பாட்டம் போட்ட அந்த ஜோடியைப் பார்த்தவர்கள் பொம்மைதான் ஆடுபவரை ஆட்டுகிறதா என்று ஐயுற்றார்கள். வௌவாலில் கை மட்டும் நீண்டது, இங்கே முழு உடலும் நீண்டது. கோட்பாட்டில் வேறுபாடில்லை.

இப்படிப்பட்ட பெரிய உருவங்களைச் சுமக்கும் முதுகுச் சட்டகம் பற்றி ஒரு வார்த்தை. எடை தோளில் நின்றால் பத்து நிமிடத்தில் கை மரத்துப்போகும். மலையேறுவோர் பைபோல் இடுப்புப் பட்டை அகலமாக இருந்து, எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். தோள்வார் சாயாமல் பிடிக்க மட்டும். கம்பம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் உருவம் பின்னுக்கு இழுக்கும், ஆகவே மேல்பகுதியைச் சில அங்குலம் முன்னோக்கி வளைத்துத் தலைக்கு நேர் மேலே எடைமையம் வரும்படி செய்வார்கள். இதைச் செய்யாதவர்கள் ஆட்டம் முழுக்கக் குனிந்தே நிற்பார்கள். உருவம் பெரிதாகப் பெரிதாகச் சக்கரம் வைத்து இழுப்பது ராஜா ராணிப் போட்டியில் வழக்கமாகிவிட்டது. சக்கரம் வந்த இடத்தில் ஆட்டம் நின்றுவிடுகிறது, ஆடுபவர் வண்டி இழுப்பவராகிறார். மின்ஷால் இதைக் கடுமையாக எதிர்த்தார், அந்த எதிர்ப்பில் நான் முழுமையாக அவர் பக்கம்.

கடைகளின் முன்னால், பெட்ரோல் பங்குகளில் காற்றில் நெளிந்தாடும் நீண்ட துணிக்குழாய் மனிதனைப் பார்த்திருப்பீர்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிற்காக மின்ஷாலும் இஸ்ரேலியக் கலைஞர் டோரான் காஸிட்டும் உருவாக்கியதிலிருந்து வந்தது அது. கரீபிய ஆட்டத்தின் நெளிவைக் காற்று ஊதும் மின்விசிறி கொண்டு ஆடச்செய்யலாம் என்ற எண்ணம் மின்ஷாலுடையது. ஆடுபவரே இல்லாத மாஸ் என்று அதைச் சொல்லலாம்.

1995, 96, 97 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவர் குழு பரிசு பெற்றது. முதலாவதின் பெயர் ‘ஹல்லேலுயா’ என்பதற்காகப் பாதிரியார்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2006-இன் ‘தி சேக்ரெட் ஹார்ட்’டுக்குப் பின் பெரிய குழுக்களிலிருந்து விலகினார். பிறகு 2016-இல், எழுபத்தைந்தை நெருங்கும் வயதில், ஒரே ஒரு வேடத்தோடு திரும்பி வந்தார். மரக்கால் மேல் நிற்கும் மோக்கோ ஜம்பி.

மோக்கோ ஜம்பி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரக்கால் உரு. அட்லாண்டிக் கடலை நடந்தே கடந்து வந்ததாகக் கதை சொல்வார்கள். பழைய நாட்களில் நீளப் பாவாடையோ காற்சட்டையோ அணிந்து, மாடி முகப்பில் நிற்பவர்களிடம் நேராகக் கைநீட்டிக் காசு வாங்குவார்களாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அருகிப்போய், 1986-இல் கோகோரிட்டில் தொடங்கிய கெய்லமன்ஜாரோ பள்ளி போன்ற இடங்களில் பிள்ளைகள் கற்றுக்கொண்டு மீண்டும் தெருவுக்கு வந்தது. மின்ஷாலின் வேடம் ‘தி டையிங் ஸ்வான்: ராஸ் நிஜின்ஸ்கி இன் டிராக் ஆஸ் பாவ்லோவா’. நிஜின்ஸ்கியும் பாவ்லோவாவும் புகழ்பெற்ற ரஷ்ய பாலே ஆட்டக்காரர்கள்; சாகும் அன்னம் பாவ்லோவாவின் பெயர்பெற்ற ஆட்டம், அதை ஆண் பெண்ணுடையில் ஆடுவதாகத் தலைப்பு. ஆடியவர் ஜா-வான் தாமஸ். மரக்காலின் அடிமுனை பாலே ஆட்டக்காரியின் நுனிக்கால் காலணியாகச் செதுக்கப்பட்டிருந்தது. மேலே வெள்ளைப் பாவாடை. சிறகுச் சட்டகம் கிடையாது, விதானம் கிடையாது, பொம்மை கிடையாது. நாற்பது ஆண்டுகள் உடலை நீட்ட வழி தேடியவர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரக்கால் ஏற்கெனவே அதைச் செய்துவிட்டிருக்கிறது என்று கண்டு, அதற்கு ஒரு காலணி மட்டும் மாட்டிவிட்டார். வேடத்தின் எலும்பை எடுத்துக்கொண்டு தோலைக் களைந்தவர், கடைசியில் பழைய வேடத்தை ஏறக்குறைய அப்படியே மேடையேற்றினார். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே மிகத் துணிச்சலானது இதுதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய முறை எல்லாப் பழைய வேடங்களுக்கும் உதவவில்லை. அகன்ற விளிம்புத் தொப்பியும் நீள அங்கியும் விசிலுமாக வந்து, தன் கொடுமைகளை நீட்டி முழக்கிப் பேசியே பணம் பறிக்கும் மிட்நைட் ராபர், கந்தல் தோரணங்களோடு வந்து பெரிய சொற்களைக் கதைகட்டி எழுத்துக்கூட்டும் பியரோ கிரனேட் ஆகியோரின் உயிர் நாக்கில் இருக்கிறது. அவர்களுக்குத் துணியும் கம்பியும் இரண்டாம்பட்சம். எவ்வளவு பெரிய தொப்பி செய்தாலும் பேச்சு வராவிட்டால் ராபர் இல்லை. அந்த மரபு இளையோருக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களால்தான் நிற்கும், வேடங்கள் செய்யும் பட்டறையான மாஸ் கேம்ப்பால் அல்ல.

மரக்கால் செய்ய நினைப்பவருக்கு: நார் நேராக ஓடும், முடிச்சில்லாத இலேசான மரம். முடிச்சு உள்ள இடத்தில்தான் முறியும். பாதப்பலகையை ஆணியால் அடிக்காமல் மரத்தைத் துளைத்துப் போகும் போல்ட்டால் பிணையுங்கள், ஆணி ஆட்டத்தில் தளரும். பாதத்தில் ஒரு வார், முழங்காலுக்குக் கீழே ஒரு வார், கெண்டைக்காலுக்கும் மரத்துக்கும் இடையே தடித்த நுரை. அடியில் பழைய டயர் ரப்பர். முதல் ஜோடிக்குப் பாதப்பலகை தரையிலிருந்து இரண்டடி உயரம் போதும். இதில் அசையாமல் நிற்க முடியாது, நின்ற இடத்திலேயே அடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்க முயல்வதால்தான் புதியவர்கள் விழுகிறார்கள். விழுந்தால் முன்பக்கம், முழங்கால் கவசத்தின் மேல், பின்பு கைகளில் விழப் பழக வேண்டும். பின்பக்கம் விழுவது ஆபத்து, ஆகவே முதல் வாரங்களில் இருபுறமும் ஆள் வேண்டும். காற்சட்டைத் துணி தரைக்கு ஒரு சாண் மேலேயே முடியட்டும். அகலப் பாவாடை காற்றுள்ள நாளில் பாய்மரம்போல் இழுக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால் வௌவால்தான். செலவு குறைவு, விழும் பயமில்லை, பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும். முகமூடியைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டுச் சிறகை மட்டும் முதலில் முடியுங்கள். கட்டிக்கொண்டு காலை வெயிலில் முதுகைச் சூரியனுக்குக் காட்டி நின்று, தரையில் விழும் நிழலைப் பார்த்தபடி மெல்லக் கையை உயர்த்துங்கள். நிழலில் கை எங்கே முடிந்து பிரம்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடிந்தால், மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.